காட்சிசாலையாகும் நகரம்

‘மியூசியம்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் பெயர்கள் பல. அரும்பொருட்காட்சியகம் என்பர் ஒரு சாரார். பொருட்காட்சிசாலை என்பர் மற்றொரு சாரார். இலங்கைத் தமிழர் நூதனசாலை என்று வழங்கி வந்தனர். சென்னைப் பொதுமக்களோ எந்தப் புலவரையும் கேளாமல் தாமே ஒரு பெயர் சூட்டிவிட்டனர். அது ‘செத்த காலேஜ்’ என்பது. 1851-ஆம் ஆண்டில் எட்வர்ட் பால்பர் என்னும் மருத்துவரின் பொறுப்பில் சென்னைப் பொருட்காட்சிசாலை தொடங்கியபோது, அது செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில்தான் இருந்தது. பின்னர் எழும்பூருக்கு மாறியது. அங்கே சில காலம் உயிருள்ள விலங்குகளும் வைக்கப்பட்டிருந்தன. விலங்குகள் உலவிய இடம் ‘உயிர்க் காலேஜ்’ ஆயிற்று. பாடம் செய்த உடல்களும் எலும்புகளும் இருந்த இடம் ‘செத்த காலேஜ்’ ஆயிற்று. வேடிக்கைப் பெயர்தான், எனினும் காட்சிசாலைகளைப் பற்றி இத்துணைச் சுருக்கமான திறனாய்வை எந்த அறிஞரும் எழுதியதில்லை. ஓர் இடம் கற்பிக்கவும் செய்யலாம், செத்தும் கிடக்கலாம் என்பதை அந்த இரண்டு சொற்கள் உணர்த்திவிடுகின்றன.

கோலாலம்பூரின் பழைய நகர மையத்தைக் காட்சிசாலைகளும் மீட்டெடுத்த மாளிகைகளும் நிறைந்த ஒரு வட்டாரமாக ஆக்கிப் புத்துயிர் ஊட்டவேண்டும் என்னும் முயற்சியை ஆராயப் புகுவோர், அவ்விரண்டு சொற்களையும் கையில் வைத்துக்கொள்வது நலம்.

அம்மையம் ஏன் உயிரிழந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நெருப்போ வெள்ளமோ அதை அழிக்கவில்லை. அரசே எழுந்து வெளியே போயிற்று. 1999-இல் பிரதமர் அலுவலகம் புத்ராஜெயாவிற்குச் சென்றது. அமைச்சுகள் அதனைத் தொடர்ந்தன. 2001-இல் தலைமை இரயில் நிலையம் என்னும் பொறுப்பு, 1910-இல் கட்டப்பட்ட பழைய நிலையத்தை விட்டுப் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் எழுந்த செண்ட்ரல் நிலையத்திற்கு மாறியது. சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தில் இயங்கிவந்த நீதிமன்றங்களும் 2000-களில் வேறிடம் பெயர்ந்தன. கிராணிகளும் வழக்கறிஞர்களும் கட்சிக்காரர்களும் போனபின், அவர்களை நம்பிய காப்பிக்கடையும் தட்டச்சுக்காரரும் முத்திரைத்தாள் விற்றவரும் போயினர். மிஞ்சியவை அழகிய முகப்புகள். அம்முகப்புகளை என் செய்வது என்னும் கேள்விக்கு உலகெங்கும் இப்போது சொல்லப்படும் விடை, காட்சிசாலை என்பதாகும்.

கோலாலம்பூரிலும் அவ்விடையே வந்தது. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் முனையைச் சீராக்கிய ‘உயிர் நதி’த் திட்டம் 2010-களில் நடைபெற்றது. 1909-இல் திறக்கப்பட்ட ஜாமிக் பள்ளிவாசலின் படித்துறை மீண்டும் கண்ணுக்குத் தெரிந்தது. பினாங்கில் 2009-இல் தோன்றிய ‘திங்க் சிட்டி’ என்னும் அமைப்பு தன் பணியைத் தலைநகருக்கும் விரித்தது. பின்னர், கசானா நிறுவனத்தின் துணையோடு ‘வாரிசான் கே.எல்.’ என்னும் பெயரால் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், கார்கோசா மாளிகை முதலியவற்றை மீட்டமைக்கும் திட்டம் 2020-களின் நடுவில் உருப்பெற்றது. இவை வரவேற்கத்தக்கவை. இடிப்பதினும் காப்பது நன்று என்பதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. ஆனால் காக்கப்படுவது எது? சுவரா, சுவருக்குள் நடந்த வாழ்வா? ஆராயவேண்டியது இதுவே.

நாற்பது இலட்சம் செங்கல்

சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தையே எடுத்துக்கொள்வோர்க்கு இக்கேள்வி எளிதில் விளங்கும். 1894-இல் அடிக்கல் நாட்டி 1897-இல் முடிக்கப்பட்ட அம்மாளிகையின் வரலாற்றில் கட்டடக் கலைஞர் மூவர் பெயர் தவறாமல் இடம்பெறும்: ஏ. சி. நார்மன், ஆர். ஏ. ஜே. பிட்வெல், ஏ. பி. ஹப்பக். அதனை மேற்பார்த்த பொதுப்பணித் துறைத் தலைவர் சி. இ. ஸ்பூனர், இலங்கையில் பணியாற்றிவிட்டு வந்தவர். கட்டடத்தின் பாணி, சேப்பாக்கம் அரண்மனையையும் சிசம் எழுப்பிய செனட் மாளிகையையும் சென்னை உயர்நீதிமன்றத்தையும் கண்ட தமிழர்க்குப் புதியதன்று. குமிழ்க் கோபுரமும் வளைவுத் தாழ்வாரமும் கடல் கடந்து வந்த உறவினர் போலத் தோன்றும். அதற்குச் சென்ற செங்கல் சுமார் 40 இலட்சம் என்று கணக்குச் சொல்கின்றனர்.

வரைந்த மூவர்க்கும் மேற்பார்த்த ஒருவர்க்கும் பெயர் உண்டு. நாற்பது இலட்சம் செங்கல்லைச் சூளையில் வேகவைத்தவர், மாட்டு வண்டியில் ஏற்றியவர், சாரத்தில் சுமந்து ஏறியவர், சுண்ணாம்பு குழைத்தவர் ஆகியோர்க்கு ஒரு வரியேனும் உண்டா? தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஐந்தாம் வகுப்பு மாணவர்களை அழைத்துச் சென்று அம்மாளிகை முன் நிறுத்தினால், மாணவன் கேட்கும் முதல் கேள்வி ‘இதை யார் கட்டினார்கள்?’ என்பதாகவே இருக்கும். அக்கேள்விக்கு ஆங்கிலேயர் மூவர் பெயரை மட்டும் விடையாகத் தருவது, வீட்டைக் கட்டியவர் யார் என்றால் பத்திரம் எழுதியவர் பெயரைச் சொல்வது போன்றது. கூலிப் பதிவுகளையும் ஒப்பந்தங்களையும் தேடி எடுத்து, இன்ன இனத்தார், இன்ன ஊரார், நாளொன்றுக்கு இத்துணைக் காசு பெற்றார் என்று எழுதி வைப்பதே காட்சிசாலையின் கடமை. அப்பணி நடவாத வரை, வெள்ளையடித்துத் தாமிரக் குமிழைத் துலக்குவது பராமரிப்பாகலாம், வரலாறு ஆகாது.

மெர்டேக்கா சதுக்கத்தைச் சுற்றி நிற்கும் பிற கட்டடங்களிலும் இம்முரண் உண்டு. 1905-இல் மலாய்க் கூட்டரசு இரயில்வேயின் தலைமையகமாக எழுந்த மாளிகை, 2010-இலிருந்து தேசிய ஜவுளிக் காட்சிசாலை. 1909-இல் சார்ட்டர்ட் வங்கியாக எழுந்தது, வரலாற்றுக் காட்சிசாலையாகி, அதன்பின் இசைக் காட்சிசாலை ஆயிற்று. 1899-இல் அரசாங்க அச்சகமாகத் தொடங்கியது, பிற்பாடு நகரக் காட்சிக்கூடமாக மாற்றப்பட்டது. பட்டையும் பாத்தேக்கையும் காட்டுவது குற்றமன்று. நெசவும் நாட்டின் செல்வமே. ஆயினும் இரயில்வேயின் தலைமையகத்துள் நுழைந்து வெளிவருபவன், அங்கிருந்து நாடு முழுவதற்கும் ஓலை போன கதையை அறிந்து வருதல் வேண்டுமன்றோ? யாழ்ப்பாணத்தினின்று வந்த ஆங்கிலம் படித்த கிராணிகளும் நிலைய அதிகாரிகளும், தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்து தண்டவாளம் பதித்த தொழிலாளரும் ஒரே மேசையின் இரு முனைகளில் நின்ற கதை அது. ஒருவர் சம்பளப் பட்டியல் எழுதினார்; மற்றவர் அதில் கைந்நாட்டு வைத்தார். இருவர்க்கும் தாய்மொழி தமிழ். இருவர்க்கும் இடையே இருந்த தொலைவு சிறிதன்று. அத்தொலைவையும் சேர்த்துக் காட்டினால்தான் தமிழர் வரலாறு புகழ்ச்சியாக முடியாமல் வரலாறாக நிற்கும்.

பெட்டியடியும் பேரேடும்

சதுக்கத்திலிருந்து நடக்கும் தொலைவில் இருக்கிறது லெபோ அம்பாங். ஒருகாலத்தில் அது செட்டித்தெரு. மயில் உருவும் வண்ண ஓடும் பதித்த சில வீடுகளின் முகப்பு இன்றும் காரைக்குடியை நினைவூட்டும். நகரத்தார் மலாயா முழுவதும் நடத்திய கிட்டங்கிகளின் தன்மையை அறிந்தோர் குறைந்து வருகின்றனர். நீண்ட ஒரே கூடம். அதில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு தாழ்ந்த மேசை, ஒரு பாய். பகலில் அதுவே வங்கி. இரவில் அதுவே படுக்கை. ஊரிலிருக்கும் முதலாளியின் சார்பில் மேலாள் கடையை நடத்துவார். அவருக்குத் துணை அடுத்தாள். தொழில் கற்க வந்த சிறுவன் பெட்டியடிப் பையன். சில ஆண்டுக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பி, மீண்டும் கப்பலேறுவர்.

இத்துணை நுட்பமான அமைப்பு ஒன்றினை விளக்க, ஒரு கூடமும் ஒரு பெட்டியும் ஒரு பேரேடும் போதும். பேரேட்டின் ஒரு பக்கத்தை விரித்து வைத்தால் அதில் சீனச் சுரங்க முதலாளியின் பெயர் இருக்கும். மலாய்ச் சிறுதோட்டக்காரர் பெயர் இருக்கும். அரசாங்கக் கிராணியின் பெயரும் இருக்கும். ஈயமும் ரப்பரும் வளர்ந்ததில் அக்கடனுக்குப் பங்குண்டு. அதே கடனால் நிலம் இழந்தவரும் உண்டு. 1913-இல் மலாய் ஒதுக்கு நிலச் சட்டம் பிறந்ததற்கும், பொருளாதார மந்தத்தின்போது 1933-இல் அது மேலும் இறுக்கப்பட்டதற்கும் பின்னே, நிலம் கடன்காரர் கைக்குப் போய்விடும் என்னும் அச்சம் இருந்தது. கடன் தந்தவன் கண்ணால் மட்டும் பேரேட்டைப் படிப்பது பெருமை பேசுவதாகும். வாங்கியவன் கண்ணாலும் படிக்கும் துணிவு ஒரு காட்சிசாலைக்கு இருக்குமானால், மூவினத்தாரும் ஒரே கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று தத்தம் பாட்டனைக் காண்பர்.

அப்படி ஒரு கூடத்தை அமைக்கும் திட்டம் மாளிகைகளைப் பற்றிய பேச்சில் முன்வரிசையில் இல்லை. பேரேடுகளோ காத்திருப்பதில்லை, கறையானுக்கும் பழைய தாள் வாங்குவோர்க்கும் அவை போய்ச் சேரும். இதில் அரசைக் குறை கூறுமுன் தமிழர் தம் வீட்டுப் பரணையும் நோக்குதல் தகும். கோயில் கணக்கு, சங்கக் கூட்டக் குறிப்பு, பள்ளி வருகைப் பதிவேடு, கப்பல் சீட்டு என்பன அரும்பொருள் என்னும் எண்ணமே பலர்க்கு எழுவதில்லை. பொன்னும் செப்பும் ஐம்பொன்னும் இருந்தால்தான் பொருட்காட்சி என்று எண்ணிப் பழகிவிட்டனர்.

லெபோ அம்பாங்கிற்கு அருகே மஸ்ஜித் இந்தியா. 1863-இல் தொடங்கிய அப்பள்ளிவாசல் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் தடம். மறுபுறம் ஜாலான் துன் எச். எஸ். லீயில் 1873-இல் தம்புசாமிப் பிள்ளை நிறுவிய மகா மாரியம்மன் கோயில். தைப்பூசத்தில் வெள்ளித் தேர் புறப்பட்டுப் பத்துமலைக்குச் செல்வது அங்கிருந்துதான். இவ்விரண்டுக்கும் காட்சிசாலை தேவையில்லை. அவை உயிர்க் காலேஜ்கள். தொழுகையும் தேரோட்டமும் இடையூறின்றி நடக்கப் பாதை விட்டால் போதும்.

சுரங்கப் பாதையின் இரு முனைகள்

தேசியக் காட்சிசாலை இருப்பது டாமன்சாரா சாலையில். அங்கே முன்னர் இருந்த சிலாங்கூர்க் காட்சிசாலை 1945 மார்ச்சில் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் அழிந்தது. ஹோ கொக் ஹோ வரைந்த புதிய மாளிகை 1963 ஆகஸ்டு 31-இல் திறக்கப்பட்டது. பண்டைக் காலம், மலாய் அரசுகள், குடியேற்ற ஆட்சிக் காலம், இன்றைய மலேசியா என நான்கு கூடங்களாக நாட்டின் கதை அங்கே வகுக்கப்பட்டுள்ளது. 2017-இல் அதன் வாயிலில் ஒரு எம்.ஆர்.டி. நிலையம் திறக்கப்பட்டு, அங்கிருந்து செண்ட்ரல் நிலையத்திற்கு நடைவழியும் அமைந்தது. ஆகவே தேசியக் காட்சிசாலையிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் இப்போது சில நிமிட நடைதான்.

கால்களுக்கு வழி பிறந்துவிட்டது. கதைக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. ஒரு முனையில் நாட்டின் வரலாறு கண்ணாடிக்குள் இருக்கிறது. மறு முனையில் அவ்வரலாற்றின் ஒரு பெரிய அத்தியாயம் பூக்கடையும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையுமாக வெயிலில் நிற்கிறது. இரண்டையும் ஒரு வட்டாரமாக எண்ணும் திட்டம் எவர் மனத்திலும் ஏன் உதிக்கவில்லை என்பது வியப்பே. காட்சிசாலை வட்டாரம் என்றதும் குமிழ்க் கோபுரம் உள்ள இடத்தை மட்டும் நினைப்பது ஒரு பழக்கம். குவார்ட்டர்ஸ் வரிசையும் சூளைக் குழியும் அப்பழக்கத்திற்குள் அடங்குவதில்லை.

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரே ஒரு வரலாற்று ஆவணம். 1881-இல் நெருப்பும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து மரமும் அத்தாப்புமாக இருந்த கோலாலம்பூரைச் சூறையாடின. அதன்பின் வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டவேண்டும் என்று பிராங்க் சுவெட்டன்ஹாம் ஆணை பிறப்பித்தார். சீனக் கப்பித்தான்களின் முயற்சியால் நகரின் தென்புறக் களிமண் நிலத்தில் சூளைகள் எழுந்தன. அவ்விடமே செங்கல் வயல் ஆயிற்று. பின்னர் அங்கே இரயில்வேயின் பெட்டி கோக்கும் முற்றம் வந்தது. முற்றத்தோடு தொழிலாளரும் கிராணிகளும் வந்தனர். அவர்கள் தங்க 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அரசாங்க வீட்டு வரிசைகள் ‘நூறு குவார்ட்டர்ஸ்’ எனப் பெயர் பெற்றன. யாழ்ப்பாணத்தார் கந்தசுவாமி கோயிலை எழுப்பினர். சிங்களவர் 1894-இல் பௌத்த மகா விகாரைக்கு வித்திட்டனர். மாதா கோயிலும் மெதடிஸ்டுத் தேவாலயமும் பார்வையற்றோர் சங்கமும் அதே தெருக்களில் இடம் கண்டன. ஒரு சதுர மைலுக்குள் இத்துணை வகை மனிதர் அமைதியாக வாழ்ந்ததைக் காட்ட வேறு காட்சிப் பொருள் வேண்டுமோ?

முற்றம் இருந்த 72 ஏக்கரில் செண்ட்ரலும் அதைச் சுற்றிய வானளாவிகளும் எழுந்தன. நூறு குவார்ட்டர்ஸை இடிக்கும் பேச்சு பலமுறை எழுந்தது. இடையில் 2010 அக்டோபர் 27-இல் மலேசியப் பிரதமரும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் சேர்ந்து பிரிக்பீல்ட்ஸை ‘லிட்டில் இந்தியா’ எனத் திறந்து வைத்தனர். வளைவுகளும் வண்ணங்களும் யானை நீரூற்றும் வந்தன. 2015 நவம்பரில், இந்தியா அன்பளித்த தோரண வாயிலைப் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். அது சாஞ்சித் தூபியின் வாயிலைப் பின்பற்றிச் செதுக்கப்பட்டது.

அவ்வாயிலின் வேலைப்பாடு அழகியது. அன்பளிப்பைக் குறை கூறுவது பண்பன்று. எனினும் திறனாய்வாளன் ஒன்று கேட்டே ஆகவேண்டும். சாஞ்சி இருப்பது மத்தியப் பிரதேசத்தில். அதன் வாயில்கள் கி.மு. முதல் நூற்றாண்டின. பிரிக்பீல்ட்ஸ் மக்களின் பாட்டன்மார் வந்ததோ நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியும், யாழ்ப்பாணத்திலிருந்தும். அவர்கள் கடந்து வந்த வாயில் கப்பலின் ஏணிப்படி. 1926-இலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய ‘ரஜூலா’வின் படியும் அவற்றுள் ஒன்று. மொரீஷியசில் ஒப்பந்தத் தொழிலாளர் இறங்கிய துறையின் சில கற்படிகளையும் சிதைந்த கொட்டகைகளையுமே காத்து ‘ஆப்ரவாசி காட்’ என நிறுத்தினர். 2006-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. செதுக்கிய யானை அங்கே இல்லை. தேய்ந்த படி இருக்கிறது. தேய்ந்த படிக்கும் செதுக்கிய வாயிலுக்கும் உள்ள வேறுபாடு, சான்றுக்கும் அலங்காரத்திற்கும் உள்ள வேறுபாடாகும்.

பிரிக்பீல்ட்ஸில் சான்று காக்கப்பட்ட ஒரு நிகழ்ச்சியும் உண்டு. அதை மறைத்தால் இத்திறனாய்வு ஒருபக்கச் சாய்வாகிவிடும். 1904-இல் தோன்றிய விவேகானந்த ஆசிரமத்தின் நிலத்தில் உயர்மாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம் 2014-இல் வெளிப்பட்டபோது, ஊரார் எதிர்த்து நின்றனர். பொறுப்பாளர் தரப்பில் கல்விப் பணிக்குப் பணம் வேண்டும் என்னும் நியாயம் சொல்லப்பட்டது. அதுவும் பொய்யான நியாயமன்று. இறுதியில் 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ் 2016-இல் ஆசிரமம் மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கவனிக்கத்தக்கது யாதெனில், அதைக் காத்தது திட்டவரைவு அன்று; அங்கே படித்தவரும் பாடியவரும் அவர்தம் பிள்ளைகளும் எழுப்பிய குரல். எத்தெருவில் குடியிருப்போர் எஞ்சியிருக்கிறார்களோ அத்தெருவுக்குக் காவலும் எஞ்சியிருக்கும். குடியிருப்போரை வெளியேற்றிய தெருவுக்குக் கூலிக் காவலாளிதான்.

வாடகை என்னும் வினா

இதனால்தான் காட்சிசாலை வட்டாரம் பற்றிய பேச்சில் கலையைவிட வாடகை முதன்மை பெறவேண்டியிருக்கிறது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அதன் காப்பு முற்றும் விலகியது. தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் இருந்த தச்சரும் பத்தரும் தையற்காரரும் மாவரைப்போரும் பலராக வெளியேறினர். 2008-இல் யுனெஸ்கோ சிறப்பு வந்தபோது கட்டடங்களின் மதிப்பு உயர்ந்தது. தங்கும் விடுதிகளும் காப்பிக்கூடங்களும் பெருகின. முகப்பு பிழைத்தது, முகங்கள் மாறின. தலைநகரிலும் முன்மாதிரி உண்டு. 1930-களில் கட்டப்பட்ட மத்தியச் சந்தை இடிபடாமல் தப்பி, 1986-இல் கைவினைச் சந்தையாக மறுபிறவி எடுத்தது. தப்பியது நன்மையே. ஆயினும் மீனும் காயும் வாங்க வந்த நகரத்தார் இனி அங்கே வரவேண்டியதில்லை, பயணிகளுக்குரிய இடமாயிற்று.

லெபோ அம்பாங்கிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ அரசு ஒரு காட்சிசாலை திறந்தால், அதன் இருபுறமும் நிலவிலை ஏறும். பூக்கட்டுபவள் முன்பணம் கூடுதலாகத் தரவேண்டும். அவளால் முடியாதபோது, அவள் இருந்த இடத்தில் பூக்கட்டுபவளின் படம் போட்ட அஞ்சலட்டை விற்கும் கடை வரும். இது கற்பனை மிகை என்று கருதுவோர் மலாக்காவின் பழைய தெருக்களில் ஒரு பொழுது நடந்து பார்க்கலாம். இருபதுக்கும் மேற்பட்ட காட்சிசாலைகள் உள்ள ஊர் அது. ஆற்றங்கரையிலும் குன்றடியிலும் காட்சிசாலைக்குப் பஞ்சமில்லை. அன்றாட அரிசி, பருப்பு விற்கும் பழைய கடையைத்தான் தேடவேண்டும். மாநகர் மன்றம் வட்டாரத்திற்கு எல்லை வரையும்போதே, அதனுள் தொழில் செய்வோர்க்கு நீண்டகாலக் குத்தகையும் வாடகை வரம்பும் உறுதி செய்யாவிடில், பிற ஏற்பாடுகள் யாவும் வீண்.

பிற நாடுகளில் இவ்வினாவை நேர்கொண்ட காட்சிசாலைகள் சில உண்டு. நியூயார்க்கின் கீழைப் பகுதியில் 1863-இல் கட்டிய ஒரு வாடகைக் குடியிருப்பையே 1988 முதல் காட்சிசாலையாக்கி, அங்கு குடியிருந்த ஏழைக் குடும்பங்களின் அடுப்பையும் தையல் பொறியையும் அறை அறையாகக் காட்டுகின்றனர். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ‘ஆறாம் வட்டாரம்’ என்னும் பகுதி 1966-இல் வெள்ளையர்க்கென ஒதுக்கப்பட்டு, சுமார் 60,000 பேர் வெளியேற்றப்பட்டனர். 1994-இல் அங்கே ஒரு பழைய மெதடிஸ்டுத் தேவாலயத்தில் காட்சிசாலை அமைத்தனர். தரையில் பெரிய வரைபடம். பழைய குடிகள் வந்து தத்தம் வீடு இருந்த இடத்தில் தம் கையாலேயே பெயர் எழுதினர். செலவு மிகக் குறைவு. நூறு குவார்ட்டர்ஸின் ஒரு வீட்டை அன்றிருந்தபடியே வைத்து, அதன் தரையில் பிரிக்பீல்ட்ஸின் வரைபடம் ஒன்றை விரித்தால், எத்துணைப் பாட்டிமார் கைத்தடி ஊன்றி வந்து தம் வாசலைத் தேடிப் பெயர் எழுதுவர் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

தேசியக் காட்சிசாலை நாடு முழுவதற்கும் உரியது, ஒவ்வோர் இனமும் தனக்கொரு மூலை கேட்டால் அது பங்குபிரித்த வீடாகிவிடும் என்று சிலர் மறுப்பர். மறுப்பில் உண்மை இருக்கிறது. தனி மூலை கேட்பது சிறுமைதான். தீபாவளி விளக்கும் பட்டுச் சேலையும் பரதநாட்டியப் பொம்மையும் வைத்த ஒரு மூலை கிடைத்தால் அதோடு கதை முடிந்துவிடும். கேட்கவேண்டியது மூலை அன்று. இரயில்வேயைப் பற்றிய கூடத்தில் இரயில்வே தொழிலாளி, ரப்பரைப் பற்றிய கூடத்தில் பால்மரம் வெட்டியவள், கட்டடத்தைப் பற்றிய குறிப்பில் செங்கல் சுமந்தவன் — அவரவர் நின்ற இடத்திலேயே அவரவர் நிற்கவேண்டும். அவர் மலாய்க்காரரோ சீனரோ இந்தியரோ, சான்று சொல்வதைப் பொறுத்தது. குறிப்புகள் மலாயோடும் ஆங்கிலத்தோடும் நில்லாமல், மாண்டரினிலும் தமிழிலும் கிடைக்குமாயின், தமிழ்ப் பள்ளிச் சிறுவன் தன் ஆசிரியர் வாய்வழியாக மட்டுமன்றித் தானே படித்து அறிவான்.

கிள்ளான் வரை

வட்டாரம் என்பதை வட்டமாகவே எண்ணவேண்டியதில்லை. நீண்ட கோடாகவும் எண்ணலாம். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் இருப்புப்பாதை 1886-இல் திறக்கப்பட்டது. முதலில் ஆற்றின் இக்கரை வரையே சென்று, 1890-இல் பாலம் கடந்து கிள்ளானை அடைந்தது. 1901-இல் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகம் வரை அது நீண்டது. ஈயமும் ரப்பரும் அதன் வழியே கடலுக்குச் சென்றன. கடலிலிருந்து மனிதர் அதன் வழியே வந்தனர். இன்றும் கொம்யூட்டர் வண்டி பழைய நிலையம், செண்ட்ரல், கிள்ளான், துறைமுகம் என்று அதே தடத்தில் ஓடுகிறது. மெர்டேக்கா சதுக்கம், தேசியக் காட்சிசாலை, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் ஆகிய யாவும் அதன் ஓரத்திலேயே இருக்கின்றன. வேறெந்த நகரத்துக்கும் வாய்க்காத வசதி இது. ஒரு வண்டிச் சீட்டே நுழைவுச் சீட்டாகலாம்.

கிள்ளானில் காட்சிசாலைக்குரிய கட்டடங்களுக்குக் குறைவில்லை. 1850-களில் ராஜா அப்துல்லா எழுப்பிய கிடங்கு, ஈயமும் படைக்கலமும் வைத்திருந்த இடம். கிள்ளான் போர்க்காலத்தின் நேர்ச்சாட்சி. அது ஈயக் காட்சிசாலையாக இயங்கிப் பின் நெடுங்காலம் மூடிக் கிடந்தது. இரயில் நிலையத்திலிருந்து சற்று நடந்தால் ஹப்பக் வரைந்து 1909-இல் எழுந்த சுல்தான் சுலைமான் கட்டடம். 2007-இலிருந்து அது அரச காட்சிக்கூடம். அரச குடும்பத்தின் அணிகளும் பரிசுகளும் அங்கே சீராக வைக்கப்பட்டுள்ளன. அதற்கும் அப்பால் தெங்கு கிளானா சாலையில் சேலைக் கடையும் மசாலைக் கடையும் பூக்கடையும் நெருங்கி நிற்கின்றன.

1941-ஆம் ஆண்டின் முதற்பாதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ‘தமிழ் நேசன்’ ஆசிரியர் குழுவில் இருந்த ஆர். எச். நாதன் அவர்களுக்குத் துணைநின்றார். மே மாதத் தொடக்கத்தில் அவர் கைது செய்யப்பட்டார், வேலைநிறுத்தம் மேலும் பரவியது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர், நாதன் நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் கேட்டவை எவை? சீனத் தொழிலாளர்க்கு ஒத்த கூலி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களுக்கு மானக்கேடு நேராத பாதுகாப்பு, துரையைக் கண்டால் மிதிவண்டியைவிட்டு இறங்கவேண்டும் என்னும் கட்டாயம் நீங்குதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி. ஆறாவதாக இங்கே சொன்னதைத் தமிழாசிரியர்கள் கருதிப் பார்ப்பாராக. பால்மரக் காட்டில் துப்பாக்கிக்கு எதிர்நின்ற எழுத்தறியா மக்கள், கூலியோடு பள்ளிக்கூடத்தையும் கேட்டனர்.

அந்நிகழ்ச்சி பற்றிய கோப்புகள் இலண்டன் ஆவணக் காப்பகத்தில், குடியேற்ற நாட்டு அமைச்சின் தாள்களுள் இருக்கின்றன. படியெடுத்துத் தருவதற்கு அக்காப்பகம் கட்டணம் வாங்கும். தாமிரக் குமிழ் ஒன்றைத் துலக்கும் செலவில் அது மிகச் சிறு பகுதி. ஈயக் காட்சிசாலையாக இருந்த ராஜா அப்துல்லாவின் கிடங்கில், ஈயத்தை அடுத்து ரப்பருக்கும் ஒரு சுவர் ஒதுக்கி, அக்கோரிக்கைப் பட்டியலை நான்கு மொழியிலும் எழுதி மாட்ட இடமிருக்கிறது.